கச்சான் மீது ஒரு பொய் வழக்கு

திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்குச் சின்னக் கணினி சரிவராது என்று நண்பர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அந்த ஒடுங்கிய பெட்டிகளுக்குள் புரொசெசர் கொதிப்பதற்கு எங்கள் ஊரின் வெயிலும் கச்சான் என்னும் சூட்டுக்காற்றும் உப்புக்காற்றுமே காரணமாம். ஆகவே ஒன்றில் அறைக்கு ஏசி பூட்டு, இல்லையென்றால் மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பு, அதுவும் ஏலாவிட்டால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய டவர் ஒன்று வாங்கு என்பது உபதேசத்தின் சாரம். நான்கு பக்கத்திலும் அளந்தெடுத்த வெப்பநிலை என்று ஓர் எண் கிடையாது. வெப்பத்தைப் பற்றியே பேசி, வெப்பமானியைத் தொடாமலே கரைசேர்ந்திருக்கும் இந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டிவிட்டுத் தொடங்குவோம். மேற்கொண்டு பாராட்ட அதிகம் அகப்படாது.

எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே அவர் ஒழுங்காகச் சொல்லவில்லை. லெனோவோவில் டைனி, டெல்லில் மைக்ரோ, எச்பியில் மினி என்று வழங்கும், ஏறக்குறைய ஒரு லீற்றர் கொள்ளளவேயுள்ள மேசைக் கணினிகள் அவை. வெளிநாட்டு அலுவலகங்கள் சில வருடம் பாவித்துக் கழித்துவிட, பாவித்த சாமானாக இங்கே வந்து இறங்குபவை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டி ஓடிய 2022 இல், புதுக் கணினியின் விலையைக் கேட்டவன் கேட்ட வேகத்தில் திரும்பி வந்த ஊர் இது. கிளியரிங் ஏஜென்டின் கந்தோரிலும், மீன் கொமிஷன் கடையிலும், ரியூஷன் கொட்டிலிலும் இன்று உழைத்துக்கொண்டிருப்பவை இந்தப் பெட்டிகள்தான். பலவற்றின் உள்ளே இருப்பது இன்டெலின் ஐ5-6500டி, ஐ5-8500டி போன்ற டி வரிசைப் புரொசெசர். அதன் வெப்ப வடிவமைப்பு அளவு 35 வாட். எங்கள் வீட்டுத் திண்ணைகளில் ஒருகாலத்தில் எரிந்த குண்டு பல்பு 60 வாட். அந்தப் பல்பைக் கச்சான் ஊதிக் கெடுத்தது என்று யாராவது கட்டுரை எழுதினார்களா?

வாதத்தை வாதமாகவே எடுப்போம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கத்தின் குற்றங்களை வகைபிரிக்கிறார். ஏதுவைப் போலத் தோற்றம் காட்டி ஏதுவாகாமல் போகும் ஏதுப்போலி அங்கே மூன்று வகைப்படும்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். இந்த மூன்றையும் ஒரே கட்டுரைக்குள் கொண்டுவந்து குடியேற்றுவது, தருக்கம் படிப்பிக்கிறவர்களே உட்கார்ந்து யோசித்துச் செய்யவேண்டிய காரியம். நண்பர் யோசிக்காமலே செய்திருக்கிறார்.

முதலில் கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, உலர்ந்து, இறங்க இறங்கச் சூடேறிக் கிழக்குக் கரைக்கு வருவது. மே தொடங்கி ஓகஸ்ட் வரையில் எங்கள் பகல்களை 34, 35 பாகைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. இதை யார் மறுத்தார்கள்? ஆனால் கச்சான் ஊருக்கெல்லாம் பொது. ஒரே கந்தோரில், ஒரே மேசை வரிசையில், ஒரே மாதிரிப் பெட்டி நாலு இருக்க, அதில் ஒன்று மட்டும் இரைந்து இரைந்து ஒரு எக்செல் கோப்பைத் திறக்க மூச்சுவாங்குகிறதே, கச்சான் அதை மட்டும் பெயர் விசாரித்து வந்து பிடித்ததா? சொல்லப்படும் ஏது, காரியம் உள்ள இடத்திலும் இருக்கிறது, இல்லாத இடத்திலும் இருக்கிறது என்றால் அது எதையும் நிறுவாது. அதற்குத்தான் அநைகாந்திகம் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், தன்னுடைய கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அவரே மார்கழி மழைக்குள் கொதித்துக் கைவிட்ட கணினி ஒன்றை உதாரணம் காட்டுகிறார். மார்கழியில் இங்கே வீசுவது வாடை. கச்சான் அந்த நேரம் விடுமுறையில் நின்றது என்பது கட்டுமரத்தில் போகிற பெடியனுக்கும் தெரியும். முதற்பக்கத்தில் தான் பிடித்த குற்றவாளிக்கு மூன்றாம் பக்கத்தில் தானே சாட்சி சொல்லி விடுதலை வாங்கிக்கொடுத்திருக்கிறார்; வாசித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை போலும்.

எண் இல்லாத குறையை நாம் தீர்த்துவைப்போம். புரொசெசரின் வெப்பநிலை என்பது இரண்டு தொகைகளின் கூட்டல்: அறையின் வெப்பம் ஒன்று, அதற்குமேல் புரொசெசர் தானாக ஏறும் ஏற்றம் மற்றது. ஊர் தருவது முதல் தொகை மட்டுமே. இரண்டாவது தொகையை முடிவுசெய்வது, எத்தனை வாட் உள்ளே பிறக்கிறது, அது செம்பையும் தகடுகளையும் காற்றையும் தாண்டி வெளியே போவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பவை. உதாரணத்துக்கு, துப்புரவாக உள்ள ஒரு பெட்டி முழு வேலையில் 40 பாகை ஏறுகிறது என்று வைப்போம். அறை 33 என்றால் புரொசெசர் 73. குளிர்ந்த அறையில், 24 இல், 64. இரண்டும் சுகமான எண்கள். ஊரால் வந்த வித்தியாசம் மொத்தம் 9 பாகை. அதே பெட்டி 33 பாகை அறையில் 99 ஐக் காட்டுகிறது என்றால் ஏற்றம் 66. மேலதிகமான அந்த 26 பாகையைக் கோணேசர் மலைப் பக்கமிருந்து யாரும் கொண்டுவந்து போடவில்லை. அது பெட்டிக்குள்ளே இருக்கிறது. ஒன்பதுக்கு நான்கு பக்கம் எழுதியவர் இருபத்தாறுக்கு ஒரு வரியும் எழுதாதது ஏன்?

இனி ஏசி. இந்த இடத்தில் நண்பர் கணக்கில் மட்டுமல்ல, இயந்திரம் எப்படி வேலைசெய்கிறது என்பதிலும் சறுக்குகிறார். இந்தப் புரொசெசர்கள் தமக்கு விதித்த எல்லையை, பெரும்பாலும் 100 பாகையை, நெருங்கியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படி எல்லையில் முட்டிக்கொண்டு தவழும் கணினியைக் குளிர் அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும்? கிடைத்த இடைவெளியில் வேகத்தைக் கூட்டி, பாரமான வேலை வந்தால் மறுபடி அதே 100 ஐப் போய்த் தொடும். எண் மாறவில்லையே என்று வாடிக்கையாளர் கேட்டால், நண்பர் இன்னும் பெரிய ஏசியைச் சிபாரிசு செய்வார் போலிருக்கிறது. 35 வாட் வெப்பத்தை ஆற்ற 9000 பிடியூ ஏசி ஒன்று 800, 900 வாட்டை இழுக்கும். 2022 ஓகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் என்று மின்கட்டணத்தை ஏற்றி, பிறகு இறக்கியும் ஏற்றியும் விளையாடிய நாட்டில் இருந்துகொண்டு இந்த யோசனையைச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2025 பெப்ரவரி 9 ஆம் தேதி நாடு முழுவதும் கரண்ட் நின்றபோது, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் பாய்ந்த குரங்கின் தலையில் பழி இறங்கியது. ஒரு குரங்கு பாய்ந்தால் தீவே இருளும் அளவுக்கு மின்கட்டமைப்பு ஏன் இருக்கிறது என்று கேட்டவர்கள்தான் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள். காற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நண்பர், குரங்கை ஏற்றியவர்களின் சீடர்.

சிறிய பெட்டி என்றாலே கொதிக்கும், அப்பிளே தோற்றுப்போனது என்பது அவருடைய அடுத்த பாணம். அப்பிளைத் தொட்டது நல்லதாகப் போயிற்று. 2013 இல் வந்த உருளை வடிவ மக் புரோவைப் பற்றி, வெப்ப விடயத்தில் தங்களைத் தாங்களே மூலைக்குள் தள்ளிக்கொண்டோம் என்று 2017 ஏப்ரலில் அப்பிளின் கிரெய்க் ஃபெடெரிகி ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் அந்த உருளையின் மின்வழங்கி 450 வாட்; இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கும் ஒரு புரொசெசருக்கும் ஒரே விசிறி, ஒரே வெப்பத்தூண். நாம் பேசும் பெட்டிகளில் பல முழுவதுமாகவே 65 வாட் அடப்டரில் ஓடுபவை. யானைக்கு அளவெடுத்த சட்டையைப் பூனைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தையல் சரியில்லை என்பதா? அவருக்குத் தெரியாத இன்னொரு கதையையும் சொல்கிறேன். 1980 இல் வந்த அப்பிள் 3, விசிறிச் சத்தம் பிடிக்காத ஸ்டீவ் ஜொப்ஸின் பிடிவாதத்தால் விசிறி இல்லாமலே வெளிவந்தது. சூட்டில் சிப்கள் இருப்பிடத்திலிருந்து தளர்ந்துபோக, கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசையில் போடுங்கள் என்பதே வாடிக்கையாளருக்குக் கிடைத்த வைத்தியக் குறிப்பு. கூப்பர்டினோவில் கச்சான் வீசவில்லை. சூட்டுக்கு வழிவிடாமல் கட்டினால் எந்த ஊரிலும் கொதிக்கும். வழிவிட்டுக் கட்டியதைப் பின்னர் நாம் அடைத்தாலும் கொதிக்கும். எங்கள் ஊரில் நடப்பது இரண்டாவது.

உப்புக்காற்றுக்கு வருவோம், ஏனென்றால் நான்கு பக்கத்திலும் பாதி உண்மையென்று ஒன்று இருந்தால் அது இங்கேதான். உப்பு கணினிக்குக் கேடுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். வாடைக்காலத்தில் துறைமுக ஓரத்துக்கு அந்த ஈரப்பதம் பெரிய காரியமில்லை. உலோகத்தில் படிந்த உப்பு அப்போது திருகாணிகளைத் துருப்பிடிக்க வைக்கும், இணைப்பு முனைகளை அரிக்கும். இதுவரை சரி. இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர் சொல்லும் பரிகாரம் என்ன? மூடியைக் கழற்றிவிட்டு விசிறியைத் திருப்பிவிடு! உப்புக்காற்றுத்தான் எதிரி என்றால் கதவைத் திறந்து, விசிறி பிடித்து, அந்த எதிரியை மதர்போர்டுக்கு மேலேயே உட்கார வைக்கச் சொல்வது எந்த நியாயம்? தான் காட்டிய ஏதுவே தன் முடிவுக்கு நேரெதிரானதை நிறுவுமானால் அது விருத்தம். அறவண அடிகளுக்கு இதைவிட வாகான எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது.

மூடியைக் கழற்றினால் புரொசெசரின் வெப்பம் சில பாகை இறங்குவதுண்டு. அதைக் கண்டுதான் அவர் மயங்கியிருக்க வேண்டும். ஆனால் அப்படி இறங்குவது எதைக் காட்டுகிறது? காற்று உள்ளே வரும் வழி அடைபட்டிருக்கிறது என்பதைத்தானே? இந்தப் பெட்டிகளில் மூடி ஓர் அலங்காரப் பொருளல்ல. முன்பக்கத் துளைகளால் காற்றை இழுத்து, நினைவக அட்டைக்கும் டிஸ்க்குக்கும் மேலாகக் கடத்தி, பின்பக்கத்தால் தள்ளும் பாதையின் ஒரு சுவர் அது. சுவரை இடித்தால் ஒரு மூலை குளிரலாம், மற்ற மூலைகள் காற்றில்லாமல் வேகும். அடைப்பைத் தேடிப்போக வேண்டியவர் சுவரை இடித்துவிட்டு வெற்றி என்கிறார்.

அந்த அடைப்பைத் தேடி அவர் ஒருதரமாவது உள்ளே பார்த்திருந்தால் கட்டுரை எழுத நேர்ந்திருக்காது. பின்பக்கத்துத் திருகைக் கழற்றி மூடியை முன்னுக்குத் தள்ளினால் விசிறி தெரியும். விசிறியைத் தூக்கினால், அதற்கும் வெப்பத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல ஒன்று கிடக்கும்; விரலால் பிடித்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். வீதிப் புழுதி, துணி நார், தலைமயிர், சுவாமி படத்துக்குப் போட்ட சாம்பிராணியின் புகை, இரவிரவாக எரிந்த நுளம்புத்திரியின் கரி, இவை எல்லாவற்றையும் ஒட்டிப்பிடிக்க வைக்கும் உப்பின் பிசுபிசுப்பு. கடற்காற்றின் உண்மையான பங்கு இதுதான்: வெப்பத்தை அது உண்டாக்கவில்லை, தூசியை ஒட்டவைக்கிறது. விசிறியின் இதழை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு தகடுகளை ஊதித் துப்புரவாக்க வேண்டும். பிடிக்காமல் ஊதினால் இதழ் கண்டபடி சுழன்று தாங்கியைக் கெடுக்கும். மென்தூரிகை ஒன்றும் காற்று ஊதும் கருவி ஒன்றும் போதும். இந்த வேலைக்கு நண்பரின் அகராதியில் பெயரே இல்லை. பெயரில்லாத வேலைக்கு எப்படிப் பில் போடுவது?

பேஸ்ட் விடயத்தில் அவருடைய தாராளம் அலாதியானது. தேர்மல் பேஸ்டைக் கஞ்சத்தனம் பார்க்காமல் அப்ப வேண்டும், தடிப்பாக இருந்தால்தான் சூட்டை உறிஞ்சும் என்கிறார். பேஸ்ட் சூட்டை உறிஞ்சுவதற்கு வைப்பதல்ல. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400, பேஸ்டினது பெரும்பாலும் 1 முதல் 10 வரை, காற்றினது 0.026, எல்லாம் ஒரே அலகில். இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிற்கும் காற்றைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்காரத்தான் பேஸ்ட். பள்ளம் நிரம்பியபின் மேலே ஏறும் ஒவ்வொரு படையும், செம்புக்கும் புரொசெசருக்கும் நடுவில் நூறு மடங்கு மந்தமான ஒரு தரகரைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான். காய்ந்து சுண்ணாம்பாகிப்போன பழையதை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் ஒரு பயறு அளவு வைத்து, நாலு திருகுகளையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கினால் அழுத்தமே அதை வேண்டிய அளவுக்குப் பரப்பிவிடும். ஒரு மூலையை முதலில் முறுக்கி முடித்தால் எதிர் மூலை தூக்கும். இதில் மந்திரமும் இல்லை, தாராளத்துக்கு இடமும் இல்லை.

கடைசி ஏதுப்போலி அசித்தம்: நிறுவப்படாத ஒன்றை நிறுவியதாக வைத்துக்கொண்டு கட்டிடம் எழுப்புவது. நூறு பாகையைத் தொட்ட புரொசெசர் செத்ததற்குச் சமன், அதனால் பெட்டியை மாற்றுவதே வழி என்கிறார். எங்கே கண்டார்? 2001 இல் தோமஸ் பாப்ஸ்டின் டொம்ஸ் ஹார்ட்வெயார் ஒரு பரிசோதனையைப் படம்பிடித்துக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் வெப்பத் தகட்டைக் கழற்றினார்கள். ஏஎம்டியின் அத்லன் புகைந்து எரிந்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்து ஓட்டியது. தன்னைத் தானே காக்கும் அந்த வித்தை அதன்பின் எல்லாப் புரொசெசருக்கும் பொதுவழக்காகிவிட்டது. கால்நூற்றாண்டுக்கு முன் ஓர் அத்லனுக்கு நடந்த சாவைச் சொல்லி இன்றைய வாடிக்கையாளரைப் பேய்க்காட்டுவதை என்னவென்பது? நூறைத் தொடுவது நல்லதல்ல, வேகம் குறையும், அயலிலுள்ள கொள்ளளவிகள் கெதியாகக் கிழடாகும். ஆனால் அது பிரேதச் சான்றிதழ் அல்ல, திறந்து பார் என்ற அறிவித்தல்.

புரொசெசரின் உச்ச வேகத்தை மட்டுப்படுத்துவது வாடிக்கையாளரை ஏமாற்றும் வேலை என்றும் அறம் பேசுகிறார். விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் புரொசெசரின் அதிகபட்ச நிலையை 100 இலிருந்து 99 ஆக்கினால் டர்போ வேகம் நின்றுவிடும். உச்ச வேகத்துக்கு ஏற மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டியிருக்கிறது. செலவாகும் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. ஆகவே கடைசிச் சில நூறு மெகாஹேர்ட்ஸ்தான் மிக அநியாய விலைக்கு வாங்கப்படுவது. அதை விட்டுக்கொடுத்தால் இன்வொய்ஸ் அடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, விசிறிக்குத் தெரியும். காசு செலவில்லாமல் வாடிக்கையாளரே இரண்டு நிமிடத்தில் செய்து, பிடிக்காவிட்டால் திரும்ப மாற்றிக்கொள்ளக்கூடிய இந்தக் காரியம் ஏமாற்று. ஒரு புதுப் பெட்டி விற்பது பரோபகாரம். அறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நண்பருக்குக் கடை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. கட்டுரைக்குக் கடை இருக்கிறது. அதன் ஒவ்வொரு பாதையும் போய் முடிவது கல்லாப்பெட்டியில்: ஏசி வாங்கு, விசிறி வாங்கு, டவர் வாங்கு. கூலி மட்டும் கேட்கும் வேலைகள் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லாதது தற்செயலா? இதிலும் ஒரு பரிதாபம் உண்டு. பழைய பெட்டியை மாற்றச் சொல்வதற்கு நேர்மையான காரணம் ஒன்று நிசமாகவே இருக்கிறது. விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான். ஐ5-6500டி வைத்திருப்பவர் இதை யோசித்தே ஆகவேண்டும். ஐ5-8500டி வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. விற்பதற்குக் கையில் இருந்த ஒரே உண்மையான வாதத்தையும் அறியாமல், ஊரின் காற்றைப் பிடித்து அடித்திருக்கிறார். சுத்துமாத்துக்கும் கொஞ்சம் வீட்டுவேலை தேவை.

இவ்வளவுக்கும் வேண்டிய வெப்பமானி புரொசெசருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்று அதை வாசித்துக் காட்டும். அறையின் வெப்பம் எவ்வளவு, சும்மா இருக்கையில் புரொசெசர் எவ்வளவு, முழு வேலையில் எவ்வளவு: மூன்று எண்கள். சும்மா இருக்கும்போதே உயர்ந்து நின்றால் முதலில் டாஸ்க் மானேஜரைத் திறந்து, பின்னால் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கள்ளமாகப் புகுந்த நிரலையோ முடியாமல் இழுபடும் அப்டேட்டையோ எந்தப் பேஸ்டாலும் ஆற்ற முடியாது. வேலை கொடுத்த நொடியிலேயே பாய்ந்து ஏறினால் பேஸ்டையும் திருகுகளையும் சந்தேகியுங்கள். மெல்ல மெல்ல ஏறி இறங்க மறுத்தால் தூசியையும் விசிறியையும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து மேலே பின்னல் விரிப்புப் போட்டு மூடிய வீட்டு அழகுணர்ச்சியையும் பாருங்கள். எதைச் செய்தாலும் செய்தபின் அதே மூன்று எண்களை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.

நண்பர் மறுப்பு எழுதுவார், எழுதட்டும். இந்தமுறை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அந்த மூன்று எண்களை முதற்பக்கத்தில் போட்டுவிட்டுத் தொடங்கட்டும். அதுவரையில், உங்கள் கணினியைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லுகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் அந்த எண்களைக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் உங்கள் புரொசெசரின் சூட்டை அளக்கவில்லை, உங்கள் பொக்கற்றின் ஆழத்தைத்தான் அளந்திருக்கிறார்.